நின்ற இடத்திலேயே பிடிக்க வேண்டிய கோளாறு: ஒரு பழைய மாருதி 800-க்கான பதில்

நீங்கள் சொன்னதை முதலில் சுருக்கிவிடுகிறேன். அப்பா வாங்கிய 1997-ஆம் ஆண்டு மாருதி 800, கார்பரேட்டர் வண்டி. காலையில் சாவியைத் திருப்பியதும் எடுத்துக்கொள்கிறது. திண்டுக்கல்லிலிருந்து கிளம்பினால் 15, 20 கிலோமீட்டர் வரை ஒரு குறையும் இல்லை. அதன் பிறகு நின்றுவிடுகிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிப்பதில்லை. அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. நான்கு மாதங்களில் ஸ்பார்க் பிளக், பிளக் ஒயர், பேட்டரி, பெட்ரோல் பம்பு எல்லாம் மாற்றியாயிற்று. கார்பரேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. இப்போது எஞ்சினை இறக்கி போர் செய்ய (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து சரிசெய்ய) வேண்டும் என்கிறார்கள்.

எஞ்சினை இறக்காதீர்கள். ரிங்கும் போரும் தேய்ந்த எஞ்சின் புகை விடும், எண்ணெய் குடிக்கும், மேட்டில் இழுக்காது. 20 கிலோமீட்டர் இனிமையாக ஓடிவிட்டு நின்று, அரை மணி நேரம் ஓய்வெடுத்து மறுபடி இனிமையாக ஓடாது. தேய்ந்துபோன உலோகம் ஆறினால் வளர்ந்துவிடுவதில்லை. சூட்டில் வந்து ஆறினால் போகிற கோளாறு பெரும்பாலும் மின்சாரப் பக்கத்தில் இருக்கும், இல்லாவிட்டால் பெட்ரோல் வருகிற பாதையில் இருக்கும். இந்த இரண்டில் எது என்று இதுவரை யாருமே பார்க்கவில்லை என்பதுதான் உங்கள் பட்டியலைப் படித்தபோது எனக்கு வருத்தம் தந்தது. பிளக் மின்சாரப் பக்கம், பம்பு பெட்ரோல் பக்கம், செல்ஃப் நன்றாகச் சுற்றுவதால் பேட்டரியைச் சந்தேகிக்கவே காரணமில்லை. கண்ணை மூடிக்கொண்டு நாலு திசையிலும் கல் எறிந்திருக்கிறார்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்றும் எனக்குத் தெரியும். வண்டி வழியில் நிற்கிறது. நீங்கள் வியர்த்து நனைந்து அரை மணி நேரம் காத்திருக்கிறீர்கள். அது எடுத்துக்கொண்டதும் நேரே பட்டறைக்கு ஓட்டிப் போகிறீர்கள். அங்கே போய்ச் சேரும்போது வண்டியில் கோளாறே இல்லை! நன்றாக ஓடுகிற எஞ்சினைப் பார்த்து எந்த மெக்கானிக்கும் ஊகிக்கத்தான் முடியும். கோளாறு வெளியே தெரிகிற நேரம் அந்த அரை மணி நேரம் மட்டும்தான். அந்த நேரத்தில் சாலை ஓரத்தில் நிற்பவர் நீங்கள். ஆகவே இந்தச் சோதனையை நீங்களேதான் செய்ய வேண்டும். ஐந்து நிமிட வேலை, பயப்பட ஒன்றுமில்லை.

முதலில் நினைவிலிருந்து ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்கள். வண்டி எப்படி நின்றது? சாவியை யாரோ அணைத்ததுபோல், ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் ஓசையே இல்லாமல் அடங்கியதா? அல்லது முதலில் இழுவை குறைந்து, குதித்துக் குதித்து, ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் கேட்காமல், பத்து இருபது விநாடி தள்ளாடிவிட்டு நின்றதா? தீப்பொறி அற்றால் எஞ்சின் சட்டென்று சாகும். பெட்ரோல் அற்றால் தவித்துத்தான் சாகும். கார்பரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் நிற்கிறது. குழாயில் வரத்து நின்றாலும் அந்தக் கையிருப்பு தீரும்வரை எஞ்சின் ஓடும், தீரத் தீரத் திணறும். "நின்றுவிடுகிறது" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து இருக்கையில் இருந்தவரையும் கேட்டுப் பாருங்கள். ஓட்டுபவரைவிட அவர்களுக்குச் சில நேரம் நன்றாக நினைவிருக்கும்.

அடுத்த முறை நிற்கும்போது சாவியை அணைக்கும் முன் முகப்புப் பலகையைப் பாருங்கள். எஞ்சின் அடங்கி, சாவி இன்னும் 'ஆன்' நிலையில் இருந்தால் பேட்டரி விளக்கும் எண்ணெய் விளக்கும் சிவப்பாக எரிய வேண்டும். எரியவில்லை, அல்லது மங்கி மினுக்குகிறது என்றால் கார்பரேட்டரும் காயிலும் (பேட்டரி மின்சாரத்தைப் பொறிக்கான உயர் அழுத்தமாக மாற்றும் பாகம்) குற்றவாளிகள் அல்ல. பேட்டரி முனை, ஃபியூஸ் பெட்டி, சாவி சுவிட்ச் இவற்றில் எங்கோ தொடர்பு அறுகிறது. 25 ஆண்டுக்கு மேல் ஆன சாவி சுவிட்சில் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கருகித் தேய்ந்திருப்பது சாதாரணம். செல்ஃப் சுற்றும்வரை எஞ்சின் பிடிக்கிற மாதிரி இருந்து, சாவியை விட்டதும் அணைந்தால் அதுவும் இந்தக் குடும்பத்துக் கோளாறுதான். செல்ஃபுக்குப் போகும் தொடர்பு நன்றாக இருக்கிறது, ஓடும்போது மின்சாரம் தரவேண்டிய தொடர்பு அறுந்திருக்கிறது என்று பொருள்.

விளக்குகள் சரியாக எரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். வண்டியில் எப்போதும் இருக்க வேண்டியவை: ஒரு பழைய ஸ்பார்க் பிளக் (மாற்றியதில் ஒன்றை எடுத்து வைத்திருப்பீர்கள்), பிளக் ஸ்பேனர், சிறிய 12 வோல்ட் பல்பில் இரண்டு ஒயர் பற்றவைத்த டெஸ்ட் விளக்கு, ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு துணி. கூட ஓர் ஆள் இருந்தால் நல்லது.

நிழலான, சாலையை விட்டு விலகிய இடத்தில் நிறுத்துங்கள். கியர் நியூட்ரலில், கை பிரேக் போட்டிருக்கட்டும். பானெட்டைத் திறந்ததும் முதலில் மோந்து பாருங்கள். பெட்ரோல் நாற்றம் பலமாக அடித்தாலோ எங்காவது ஈரம் தெரிந்தாலோ தீப்பொறிச் சோதனை செய்யவே கூடாது. அப்படி ஏதும் இல்லையென்றால், ஒரு பிளக்கின் ஒயரைக் கழற்றி, கையில் இருக்கும் பழைய பிளக்கில் மாட்டுங்கள். அந்தப் பிளக்கின் உலோக உடல் எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதியில் நன்றாகப் படும்படி வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். கூட இருப்பவர் செல்ஃப் அடிக்கட்டும். பிளக்கின் முனையில் நீல நிறத்தில், 'டிக் டிக்' என்று காதில் விழும்படி பொறி தாவினால் தீப்பொறி இருக்கிறது. மெல்லிய மஞ்சளாக, விட்டு விட்டு வந்தால் அது இருந்தும் இல்லாத பொறி. ஒன்றுமே வரவில்லையென்றால் பாதி வேலை முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. ஒயரைச் சும்மா காற்றில் தூக்கிப் பிடித்து, எவ்வளவு தூரம் தாவுகிறது என்று பார்ப்பது பழைய காலத்துப் பழக்கம். எலெக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டியில் அதைச் செய்யாதீர்கள். பொறிக்குப் போக்கிடம் இல்லாவிட்டால் அந்த உயர் அழுத்தம் உள்ளேயே திரும்பி, நன்றாக இருக்கிற மாட்யூலையும் (காயிலின் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் மின்னணுப் பாகம்) கொன்றுவிடும். உங்களுக்கும் அது ஆபத்து.

பொறி இல்லை என்று தெரிந்தால் அடுத்து எங்கே அறுகிறது என்று பின்னோக்கிப் போக வேண்டும். காயிலின் நடுவிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி பொறியைப் பிரித்தனுப்பும் பாகம்) மூடிக்கு வரும் தடித்த ஒயரை மூடியிலிருந்து கழற்றி, அதே பழைய பிளக்கில் மாட்டிப் பாருங்கள். அங்கே பொறி வந்து, பிளக் ஒயரில் வரவில்லை என்றால் மூடியோ அதற்குள் சுற்றும் ரோட்டாரோதான். ரோட்டாரின் அடியில் ஊசி குத்தியதுபோல ஒரு கரும்புள்ளி இருக்கும். பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு மின்சாரம் தண்டுக்குள் இறங்கிப் போன வழி அது. சூடாகும்போது மட்டும் அது வழிவிடுகிற வண்டிகள் உண்டு. மூடியைக் கழற்றும்போதே ஒருமுறை செல்ஃப் அடித்து ரோட்டார் சுற்றுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர், டைமிங் பெல்ட்டால் சுற்றும் கேம்ஷாஃப்டின் முனையிலிருந்து சுற்றுகிறது. ரோட்டார் சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்து போகவில்லை என்று அப்போதே தெரிந்துவிடும்.

நடு ஒயரிலும் பொறி இல்லை. இப்போது டெஸ்ட் விளக்கை எடுங்கள். ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில் வைத்து, மறுமுனையால் காயிலின் பிளஸைத் தொடுங்கள். சாவி 'ஆன்' நிலையில் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் காயிலுக்கு மின்சாரமே வரவில்லை. மறுபடி ஃபியூஸ், சாவி சுவிட்ச், நடுவில் உள்ள இணைப்புகள். எரிந்தால் அடுத்து, விளக்கின் ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸுக்கு மாற்றி, மறுமுனையைக் காயிலின் மைனஸில் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். விளக்கு விட்டு விட்டு மினுக்கினால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் மாட்யூல் வேலை செய்கிறது, காயில்தான் செத்துக் கிடக்கிறது. மினுக்காமல் இருட்டாகவே இருந்தாலோ, அணையாமல் எரிந்துகொண்டே இருந்தாலோ கோளாறு டிஸ்ட்ரிபியூட்டருக்குள். சிறிய பல்பு ஒன்று நான்கு மாதக் குழப்பத்தை இரண்டாகப் பிளந்துவிடுகிறது. இந்தச் சோதனையை நான் நேசிக்கிறேன் என்றே சொல்வேன்.

காயில் ஏன் சூட்டில் சாகிறது? உள்ளே முடியைப் போன்ற மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கிறது. வயதாகி அதில் எங்கோ ஒரு முடி அளவு விரிசல். ஆறியிருக்கும்போது இரு முனைகளும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. சூட்டில் விரியும்போது பிரிந்துவிடுகின்றன. ஆறினால் மறுபடி தொடுகின்றன. மாட்யூலுக்குள் உள்ள ஈயப் பற்றுகளும் இப்படித்தான். எஞ்சின் நின்றதும் தண்ணீரின் ஓட்டமும் காற்றும் நின்றுவிடுவதால் பானெட்டுக்குள் சூடு முதலில் சிறிது நேரம் ஏறவே செய்யும். அதனால்தான் நின்ற ஐந்தாவது நிமிடத்தில் எடுக்காத வண்டி முப்பதாவது நிமிடத்தில் எடுக்கிறது.

காயிலைச் சந்தேகித்தால், ஈரத்துணியை அதன் உடல்மீது மட்டும் சுற்றுங்கள். மேலே ஒயர்கள் இருக்கும் முனையில் தண்ணீர் படக்கூடாது. இரண்டு மூன்று நிமிடத்தில் வண்டி எடுத்துக்கொண்டால் விடை கையில் வந்துவிட்டது. மல்டிமீட்டர் வைத்தும் பார்க்கலாம். சாவியை அணைத்து, ஒயர்களைக் கழற்றிவிட்டு, பிளஸுக்கும் மைனஸுக்கும் இடையே அளந்தால் எலெக்ட்ரானிக் இக்னிஷன் காயில் பொதுவாக 1 முதல் 2 ஓமுக்குள் காட்டும். மீட்டரின் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டால் காட்டும் அளவை அதிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். சூட்டில் சற்றுக் கூடியிருந்தால் பதற வேண்டாம். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 விழுக்காடு ஏறும். 60 டிகிரி கூடினால் ஏறக்குறைய கால் பங்கு கூடுவது இயற்கை. நடு முனைக்கும் மைனஸுக்கும் இடையே பல ஆயிரம் ஓம் காட்ட வேண்டும். அங்கே மீட்டர் எதையும் காட்டாமல் திறந்து கிடந்தால், ஆறிய பிறகு எண் திரும்பி வந்தால், அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

புதுக் காயில் வாங்கும்போது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். இந்த வண்டிகளில் பழையவற்றில் பிளாட்டினமும் (மாட்யூலுக்குப் பதிலாகத் திறந்து மூடும் தொடர்பு முனைகள்) கண்டென்சரும் உண்டு, பிறகு வந்தவற்றில் எலெக்ட்ரானிக். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் உங்களுடையது எது என்று தெரிந்துவிடும். இரண்டுக்கும் காயில் வேறு. ஒன்றுக்கு உரியதை மற்றொன்றில் மாட்டினால் பிளாட்டினம் கருகும், அல்லது பொறி பலவீனமாகும். பிளாட்டின வண்டியாக இருந்தால் கண்டென்சரை முதலில் மாற்றுங்கள். சூட்டில் படுத்துக்கொள்வதில் அதற்கு ஈடு கிடையாது. பிளாட்டின இடைவெளி 0.4 முதல் 0.5 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும்.

இனி டிஸ்ட்ரிபியூட்டருக்குள். இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். என்னிடமும் இதே வகை வண்டி இருந்தது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் மலைப்பாதையில் வளைவுகளில் நின்றுவிடும். சில நேரம் உடனே எடுக்கும், சில நேரம் ஒரு மணி நேரம் ஆனாலும் எடுக்காது. இரண்டு காயில் மாற்றினேன். கடைசியில் ஒருநாள் பொறுமையாக உட்கார்ந்து டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து, உள்ளே இருக்கும் பிக்கப் காயிலின் (தண்டு சுற்றுவதை உணர்ந்து மாட்யூலுக்குச் சொல்லும் சிறு காயில்) இரண்டு ஒயர்களிலும் மல்டிமீட்டரை மாட்டினேன். எண் சரியாக இருந்தது. பிறகு கார்பரேட்டர் பக்கத்திலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வாக்குவம் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினேன். உள்ளே இருக்கும் தகடு மெல்ல நகர்ந்தது, மீட்டரில் எண் மறைந்தது. குழாயை விட்டதும் தகடு திரும்பியது, எண்ணும் திரும்பியது. மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் அதேதான்.

அந்த ஒயரின் மேல் உறையில் ஒரு கீறல்கூட இல்லை. விரலால் பிடித்து மெல்ல இழுத்தபோது ஓரிடத்தில் மட்டும் ரப்பர்போல நீண்டது. உறைக்குள் செம்பு முழுவதும் அறுந்திருந்தது. ஆக்சிலரேட்டரைத் தளர்த்தும் ஒவ்வொரு முறையும் அந்தத் தகடு நகரும். தகட்டோடு ஒயரும் வளையும். இருபது ஆண்டு அப்படி வளைந்து வளைந்து அறுந்தது. இது யாருடைய தவறும் இல்லை, வயது. வளைவில் நான் ஆக்சிலரேட்டரைச் சற்றுத் தளர்த்தியபோதெல்லாம் தகடு நகர்ந்து, அறுந்த முனைகள் பிரிந்திருக்கின்றன. வேறொரு மெல்லிய, நன்றாக வளைகிற ஒயரைப் பற்றவைத்தேன். அதன் பிறகு அந்த வண்டி ஒருமுறைகூட அப்படி நிற்கவில்லை. ஆகவே உங்கள் விளக்கு மினுக்கவில்லை என்றால், மாட்யூல் வாங்கக் கடைக்கு ஓடும் முன் இந்த உறிஞ்சல் சோதனையைச் செய்துவிடுங்கள்.

பிக்கப் நன்றாக இருந்து மாட்யூல்தான் காரணம் என்று வந்தால், அதை வீட்டு வாசலிலேயே உறுதி செய்துகொள்ளலாம். எஞ்சினை ஓடவிட்டு, முடி உலர்த்தும் கருவியால் மாட்யூல் இருக்கும் பக்கம் சூடு காட்டுங்கள். சில நிமிடங்களில் எஞ்சின் அணைந்தால் சந்தேகமே இல்லை. புதிய மாட்யூல் உலோகப் பரப்பின்மேல் திருகி உட்காரும் வகையாக இருந்தால், அதன் முதுகில் சூடு கடத்தும் வெள்ளைப் பசையைத் தடவாமல் மாட்டாதீர்கள். அதை விட்டுவிட்டால் புதிய மாட்யூலும் சீக்கிரமே அதே கதிக்கு வரும்.

இதுவரை பொறி இல்லாத கதை. பொறி நன்றாக, நீலமாக வருகிறது, ஆனாலும் வண்டி எடுக்கவில்லை என்றால் பெட்ரோல் பக்கம் திரும்புங்கள்.

கார்பரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் ஒரு சிறிய வட்டக் கண்ணாடி இருக்கிறது. பெட்ரோலின் மட்டம் அதன் நடுப்பகுதியில் தெரிய வேண்டும். அழுக்குப் படிந்து பலருக்கு அது கண்ணாடி என்பதே தெரியாது. இன்றைக்கே துடைத்து வையுங்கள். நின்ற வண்டியில் அது காலியாக இருந்தால் பெட்ரோல் வரவில்லை. அழுக்கால் தெரியவில்லை என்றால், ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து, எஞ்சின் அணைந்திருக்கும்போது கார்பரேட்டரின் வாயைப் பார்த்துக்கொண்டே ஆக்சிலரேட்டர் கம்பியை ஒருமுறை இழுங்கள். உள்ளே மெல்லிய பெட்ரோல் பீச்சு ஒன்று தெரிய வேண்டும். பீச்சு இல்லையென்றால் பெரும்பாலும் கிண்ணம் வறண்டிருக்கிறது. பீச்சு பலமாக இருந்து, உள்ளே ஈரம் நாறினால் நேர்மாறான கோளாறு: சூட்டில் பெட்ரோல் பொங்கி எஞ்சின் மூழ்கிவிட்டது. அப்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி செல்ஃப் அடித்தால் கரும்புகை விட்டு எடுத்துக்கொள்ளும். மிதவை ஊசி தேய்ந்திருப்பதையும், சோக் முழுமையாகத் திரும்பாமல் இருப்பதையும் அங்கே பார்க்க வேண்டும்.

கிண்ணம் வறண்டிருக்கிறது என்று வந்தால் முதல் வேலை, பெட்ரோல் டாங்கின் மூடியைத் திறப்பது. 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்படும் ஓசை பலமாகக் கேட்டு, அதன்பின் வண்டி எடுத்துக்கொண்டால் டாங்கின் காற்றுவழி அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் ஏற்பட்டு, பம்பு இழுத்தாலும் வராது. காசே செலவில்லாத சோதனை இது.

டாங்குக்குள் துரு இருந்தாலும் ஏறக்குறைய இதே நாடகம் நடக்கும். ஓடும்போது துருத்தூள் உறிஞ்சு குழாயின் வாயில் வந்து அப்பிக்கொள்ளும். எஞ்சின் நின்றதும் இழுவை இல்லாததால் தூள் கீழே உதிர்ந்துவிடும். சில நிமிடங்களில் வண்டி எடுத்துக்கொள்ளும், மறுபடி சில கிலோமீட்டரில் நிற்கும். பெட்ரோல் ஃபில்டரைக் கழற்றி வெள்ளைத் துணியில் கவிழ்த்துப் பாருங்கள், செம்பழுப்புத் தூள் விழுந்தால் டாங்கை இறக்கிக் கழுவித்தான் ஆக வேண்டும்.

பெட்ரோல் குழாய்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இப்போது நம் ஊரில் விற்கிற பெட்ரோல் உங்கள் வண்டி பிறந்த காலத்துப் பெட்ரோல் அல்ல. 2023-லிருந்து 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் படிப்படியாக எல்லா பெட்ரோல் பங்குகளுக்கும் வந்துவிட்டது. 1997-இல் செய்த ரப்பர் குழாயும் பம்பின் டயாஃப்ரமும் (பெட்ரோலை இழுக்கும் ரப்பர் சவ்வு) அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. குழாயின் உட்புறம் ஊறி, மென்மையாகி, பம்பு உறிஞ்சும்போது உள்ளுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் குழாய் புதிதுபோல இருக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்திவைத்தால் தண்ணீர் அடியில் பிரிந்து தங்கி, டாங்கைத் துருப்பிடிக்க வைக்கும். பழைய வண்டி நிற்பதற்கெல்லாம் எத்தனாலைக் குற்றம் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆனால் வயதான ரப்பரை அப்படியே வைத்துக்கொண்டு அதை ஊற்றினால் குழாய் தாங்காது. டாங்கிலிருந்து கார்பரேட்டர் வரை உள்ள ரப்பர் குழாய் அத்தனையையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். மொத்தமே சில அடிதான்.

குழாயில் விரிசல் இருந்தால் பெட்ரோல் சொட்டும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். பம்புக்குப் பிறகு உள்ள குழாயில் அது சரி. டாங்குக்கும் பம்புக்கும் நடுவில் உள்ள குழாயில் உறிஞ்சுதல்தான் நடக்கிறது. அங்கே விரிசல் இருந்தால் வெளியே ஒரு சொட்டும் வராது, உள்ளே காற்று போகும். பம்பின் வாயருகே ஒரு சாண் நீளத்துக்கு ஒளி ஊடுருவும் பெட்ரோல் குழாயைத் தற்காலிகமாக மாட்டிப் பார்த்தால் குமிழிகள் வரிசையாக ஓடுவது தெரியும்.

உங்கள் பம்பைச் சமீபத்தில் மாற்றியிருக்கிறார்கள் என்பதால் அங்கே இரண்டு இடங்களைக் கட்டாயம் பாருங்கள். பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் சூடு தடுக்கும் தடித்த அட்டை இருந்ததா, அதைத் திரும்பப் போட்டார்களா? அது இல்லாமல் பம்பை நேராக எஞ்சினில் உட்காரவைத்தால் எஞ்சினின் சூடு முழுவதும் பெட்ரோலில் இறங்கி, அது உள்ளேயே ஆவியாகி, பம்பு வெறும் ஆவியை அமுக்கிக்கொண்டிருக்கும். அடுத்தது, பம்பில் வரவும் போகவும் தவிர டாங்குக்குத் திரும்பும் குழாய் ஒன்று உண்டு. அந்தத் திரும்பும் வழியை அடைத்துவிட்டாலோ மாற்றி மாட்டிவிட்டாலோ ஆவி வெளியேற இடமிருக்காது. நின்ற வண்டியில் பம்பின்மீது ஈரத்துணியைப் போட்டு இரண்டு நிமிடத்தில் எடுத்துக்கொண்டால் ஆவியடைப்பு என்று நம்பலாம். அப்படியே எஞ்சின் எண்ணெயின் மட்டம் பார்க்கும் கம்பியையும் எடுத்து மோந்து பாருங்கள். பம்பின் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் எண்ணெயில் கலக்கும், மட்டம் ஏறும், பெட்ரோல் நாறும். அப்படியிருந்தால் எண்ணெயை மாற்றாமல் வண்டியை ஓட்டவே கூடாது.

நீங்கள் சொல்லாத ஒன்றையும் கேட்கிறேன். இந்த வண்டியில் எப்போதாவது கேஸ் மாட்டியிருந்தார்களா? கேஸ் கிட்டைக் கழற்றுகிறவர்கள் பெட்ரோல் குழாயில் பொருத்திய மின்சார வால்வைப் பல நேரம் அப்படியே விட்டுவிடுகிறார்கள். சாவியைப் போட்டதும் அது திறந்து பெட்ரோல் விடும். வயதானால் அதன் காயில் சூட்டில் தளர்ந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே வால்வு மூடிக்கொள்ளும். ஆறினால் திறக்கும். பம்புக்கும் கார்பரேட்டருக்கும் நடுவில் ஒயர் மாட்டிய பித்தளை டப்பா மாதிரி ஒன்று தெரிந்தால் அதை எடுத்துவிட்டு நேர்க் குழாய் போடச் சொல்லுங்கள்.

கார்பரேட்டரிலேயே சிறிய சாலனாய்டு (மின்சாரத்தால் இயங்கும் வால்வு) ஒன்றும் இருக்கும். சாவியைப் போடும்போது மெல்லிய 'டிக்' ஓசை வர வேண்டும். அது பழுதானால் வண்டி ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஓடும், விட்டால் அணையும். உங்கள் அறிகுறி அதுவல்ல என்பதால் அதை இங்கேயே விடுகிறேன். எர்த் பட்டைகளை மட்டும், எதுவாக இருந்தாலும், கழற்றி உப்புத்தாளால் தேய்த்து இறுக்கிவிடுங்கள். பேட்டரியிலிருந்து உடலுக்கு ஒன்று, எஞ்சினிலிருந்து உடலுக்கு ஒன்று.

என் ஊகத்தைக் கேட்டால், நீங்கள் எழுதிய விவரத்தை மட்டும் வைத்துப் பார்க்கும்போது மின்சாரப் பக்கம்தான் என் கை போகிறது. மாற்றிய பொருள்களில் காயில் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டரை யாரும் தொடவில்லை. முழு அரை மணி நேரம் ஆற வேண்டியிருப்பதும் காயில் அல்லது மாட்யூலின் குணத்தோடு ஒத்துப்போகிறது. துருத்தூளாக இருந்தால் அதைவிடச் சீக்கிரம் எடுத்திருக்கும். ஆனால் இந்த ஊகத்தை நம்பிக் காயில் வாங்கிவிடாதீர்கள். நானும் ஊகித்துத்தான் இரண்டு காயில் வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, போக்குவரத்து குறைந்த நேரத்தில், பழைய பிளக்கும் டெஸ்ட் விளக்கும் எடுத்துக்கொண்டு, துணைக்கு ஒருவரையும் கூட்டிக்கொண்டு, வண்டி நிற்கட்டும் என்றே கிளம்புங்கள். பழனி சாலையில் ஏதாவது ஒரு புளியமர நிழலில் அது நிற்கும்போது மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: எப்படி நின்றது, முகப்புப் பலகையின் சிவப்பு விளக்குகள் எரிந்தனவா, பிளக்கில் பொறி வந்ததா, வந்தால் என்ன நிறம். அந்த மூன்றையும் எனக்கு எழுதுங்கள். அடுத்து எந்தத் திருகைக் கழற்ற வேண்டும் என்று அப்போது ஊகமில்லாமல் சொல்கிறேன்.